இலங்கை உதைபந்தாட்டக் குழு அனைத்துலக அரங்கிற் பின்னிற்பது ஏன்?

2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் நாள் கொழும்பு சுகததாச விளையாட்டரங்கிலே, உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியொன்றில் இலங்கைக் குழுவும் பூட்டான் குழுவும் எதிர்நின்றன. பீபா எனப்படும் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தரவரிசையிலே பூட்டான் அந்நாளில் 209ஆம் இடத்தில், அதாவது கடைசி இடத்தில் இருந்தது. உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியொன்றில் அந்நாடு காலடி வைத்ததும் அதுவே முதன்முறை. ஆயினும் 1-0 என்ற கணக்கிற் பூட்டான் வென்றது. ஐந்து நாள் கழித்துத் திம்பு நகரில் நடைபெற்ற மறுபோட்டியிலும் 2-1 என வென்று இலங்கையை வெளியேற்றியது. உலகின் கடைசி நாடு என்ற பெயரைச் சுமந்திருந்த குழுவிடம், சொந்த மண்ணிலும் அயல் மண்ணிலும் அடுத்தடுத்துத் தோற்றமை தற்செயல் நிகழ்ச்சியாகாது. அதன் காரணத்தை ஆராய்வது விளையாட்டு ஆர்வலர்க்கு மட்டுமன்றி, நாட்டின் இளைஞர் கல்வியிற் கருத்துடையோர்க்கும் உரிய கடமையாம்.

இலங்கைக்கு இவ்வாட்டம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே ஆங்கிலேயரோடு வந்து, துறைமுக நகரங்களிலே வேரூன்றியது. நாடளாவிய சங்கம் 1939இல் தோன்றிற்று. 1952இல் பீபாவின் உறுப்புரிமையும் கிடைத்தது. அவ்வாண்டு முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்னும் நான்கு நாடுகளும் ஆடிய கிண்ணத்துக்குக் கொழும்பின் பெயரே இடப்பட்டிருந்தது. பெயரைக் கொடுத்த நாடு அக்கிண்ணத்தை ஒருமுறையேனும் வெல்லவில்லை என்பது வேறு செய்தி. பின்னாளிலே வெற்றியே இல்லை என்றுங் கூறுதற்கில்லை. 1993இல் லாகூரில் நடைபெற்ற தென்னாசியப் போட்டியில் இலங்கை இரண்டாமிடம் பெற்றது. 1995இல் கொழும்பிலே, மேலதிக நேரத்தில் முதற் கோல் போடுபவர்க்கே வெற்றி என்னும் அந்நாளைய விதிப்படி, இந்தியாவை 1-0 என வென்று தென்னாசியக் கிண்ணத்தைத் தனதாக்கிக் கொண்டது. 2006இல் டாக்கா நகரில் ஆசியச் சவாற் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை சென்று, தஜிகிஸ்தானிடம் 0-4 எனத் தோற்றது. 1998இலே உலகத் தரவரிசையில் 122ஆம் இடம்வரை ஏறியிருந்த இக்குழு, 2023இன் தொடக்கத்தில் 207ஆம் இடத்தில் நின்றது. உலகக் கிண்ண இறுதிச் சுற்றை ஒருபோதும் எட்டியதில்லை. ஆசியக் கிண்ண இறுதிச் சுற்றையும், 2023ஆம் ஆண்டுக்குரிய போட்டி ஈறாக, எட்டியதில்லை.

இவ்வீழ்ச்சிக்குப் பலரும் பல காரணங் கூறுவர். அவற்றுள் மிகப் பரவலாய் வழங்குவது உடற்கூறு பற்றியது. நம்மவர் குட்டையர், மெலிந்தவர், ஊட்டங் குறைந்தவர். நெடிய உடலும் நீண்ட மூச்சும் உடையார் ஆடும் ஆட்டத்தில் நம்மவர் எங்ஙனம் நிற்பர் என்பது அவர் வாதம். ஊட்டக் குறைவு மலையகத் தோட்டங்களிலே கண்கூடான உண்மை. அதனை மறுப்பார் யாருமிலர். ஆயினும் அது தோல்விக்குத் தலையாய காரணமாகுமா? அயலிலுள்ள மாலைதீவை நோக்குக. அந்நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். அம்மக்களின் உடலமைப்போ நம்மவரின் உடலமைப்பினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. அந்நாடு 2008இலும் 2018இலும் தென்னாசியக் கிண்ணத்தை வென்றது. இருமுறையும் இறுதியாட்டத்தில் வீழ்ந்தது இந்தியா. 2008இன் இறுதியாட்டம் நடைபெற்றது கொழும்பு சுகததாச அரங்கிலேயே என்பதை நினைக்குந்தோறும் இலங்கை இரசிகர்க்குச் சிறிது உறுத்தவே செய்யும்.

உடற்கூற்று வாதத்தை இன்னும் தெளிவாகத் தகர்ப்பதற்கு இலங்கைக் குழுவே சான்று தருகின்றது. அண்மை ஆண்டுகளில், பிறநாடுகளிற் பிறந்து அல்லது வளர்ந்து, இலங்கைக் குடியுரிமைக்கு உரித்துடையோராய் உள்ள ஆட்டக்காரர் தேசியக் குழுவிற் சேர்க்கப்பட்டனர். ஜெர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக், அந்நாட்டிலேயே தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கும் குளோடியோ காமர்க்நெக்ட், சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் முதலியோர் அத்தகையர். ராசிக் 2021இலே லெபனானுக்கெதிராக இரண்டு கோல் போட்டார். அவ்வாட்டத்தில் இலங்கை 2-3 எனவே தோற்றது. 2024 செப்டெம்பரிற் கம்போடியாவுடன் ஆடிய இரு ஆட்டங்களும் சமநிலையில் முடிய, தண்டனை உதைகளில் இலங்கை வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றினுள் நுழைந்தது. 2025 மார்ச்சிலே தாய்லாந்துக்கு அதன் தலைநகரிலேயே ஒரேயொரு கோலை மட்டும் விட்டுக்கொடுத்துத் தோற்றது. ஜூனிலே சீனத் தைப்பேயைக் கொழும்பில் 3-1 என வென்றது. 2019 ஒக்டோபரிலே தென்கொரியாவிடம் 0-8 எனத் தோற்ற நாட்டின் குழுதானா இது என ஐயுறுமளவுக்கு மாற்றம் தெரிந்தது.

அவர்களுடைய குடும்பங்கள் இத்தீவினின்றும் சென்றவை. அவர்களுட் சிலர் பெற்றோர் எக்காலத்தில், எத்தகைய இன்னலினால் இந்நாட்டை நீங்கினர் என்பது அனைவரும் அறிந்த வரலாறு. குருதி ஒன்றே, மரபும் ஒன்றே. வேற்றுமை யாதெனின், அவர் ஏழெட்டு வயது தொடங்கி ஆண்டுதோறும் ஒழுங்கான போட்டித் தொடர்களில் ஆடி வளர்ந்தனர். இங்குள்ளோர் அங்ஙனம் வளரவில்லை. வளர்ந்த நாடுகளின் உணவும் மருத்துவமும் அவர்க்குத் துணைநின்றன என்பதும் மெய்யே. ஆனால் மாலைதீவின் எடுத்துக்காட்டை அதனோடு சேர்த்து நோக்குமிடத்து, போட்டிப் பழக்கமே முதன்மையான வேறுபாடு என்பது புலனாகும்.

இரண்டாவதாகக் கூறப்படும் காரணம் கிரிக்கெட். 1981இல் இலங்கை டெஸ்ட் ஆடும் தகுதி பெற்றது. 1996 மார்ச்சிலே உலகக் கிண்ணத்தை வென்றது. உதைபந்தாட்டத் தென்னாசியக் கிண்ணம் வெல்லப்பட்டது அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே. அவ்வெற்றியை நினைவிற் கொண்டோர் இன்று எத்தனை பேர்? பணமும் புகழும் விளம்பரமும் கிரிக்கெட்டின் பக்கம் சாய்ந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் ஆங்கிலேயர் இரண்டையும் ஆடுகின்றனர். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை. ஆதலால் இக்காரணம் பாதி உண்மையே. கிரிக்கெட்டிலே பாடசாலைப் போட்டிகளும் கழகப் போட்டிகளும் பல்லாண்டாய் ஒழுங்காக நடைபெற்றன என்பதே கவனித்தற்குரியது. அங்கும் வெற்றியைத் தந்தது நீண்ட போட்டித் தொடரே.

இனிப் போட்டிப் பழக்கம் என்பது யாதெனச் சிறிது விரித்து நோக்குவோம். ஒரு மாணவன் பாடநூலை நன்கு கற்றும், தவணைப் பரீட்சை ஒன்றேனும் எழுதாது நேரே அரசாங்கப் பரீட்சை மண்டபத்தினுட் புகுவானாயின் அவன் நிலை எவ்வாறிருக்கும்? அறிவு இருக்கும், நேரம் போதாது, வினாவைப் பார்த்ததும் கை நடுங்கும். உதைபந்தாட்டத்திலும் அதுவே. தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் மாலைதோறும் பந்து உருட்டும் சிறுவனிடம் திறமைக்குக் குறைவில்லை. கரடுமுரடான தரையிலே பந்தைக் காலோடு ஒட்டவைத்துக் கொண்டு மூவரை ஏய்த்துச் செல்வான். ஆனால் அவன் எதிரே நிற்போர் அவனோடு ஒரே லயத்தில் வாழ்வோர். அவர்தம் பழக்கமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அனைத்துலகப் போட்டியிலோ பந்து காலில் விழுந்த கணமே முன்பின் அறியாத ஒருவன் மேல்வந்து விழுவான். பந்து வருமுன்பே தலையைத் திருப்பிப் பார்த்து, எங்கே அனுப்புவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அம்முடிவு சிந்தனையிற் பிறப்பதன்று. நூற்றுக்கணக்கான ஆட்டங்களிற் பட்டுத் தேறிய பழக்கத்திற் பிறப்பது. தற்காப்பாளர் நால்வரும் ஒருசேர முன்னேறுவதும், ஒரு கோல் பின்னிற்கும்போது பதறாதிருப்பதும், கடைசி இருபது நிமிடங்களிற் கால்கள் தளர்ந்தபின்னும் இடம் பிறழாது நிற்பதும் அத்தகையனவே. பயிற்சியிலே இவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம். போட்டியிலேயே இவை படியும்.

2021 ஒக்டோபரிலே மாலே நகரில் நடைபெற்ற தென்னாசியக் கிண்ணப் போட்டி இதற்குத் தக்க சான்று. இலங்கை நான்கு ஆட்டம் ஆடியது. இந்தியாவுடன் கோலின்றிச் சமநிலை. பங்களாதேசிடம் 0-1, நேபாளத்திடம் 2-3, மாலைதீவிடம் 0-1. தோற்ற மூன்றும் ஒவ்வொரு கோலால் தோற்றவை. பெற்ற இடமோ கடைசி. கடைசி இடம் என்பதைப் பார்த்தால் குழு முற்றிலும் பயனற்றது எனத் தோன்றும். கணக்கைப் பார்த்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு நொடித் தடுமாற்றமே வெற்றிக்கும் தோல்விக்கும் இடைநின்றது எனத் தெரியும். அந்நொடியை வெல்வதற்கே போட்டிப் பழக்கம் வேண்டும்.

இந்தியாவின் வரலாறும் இதற்கோர் ஒப்புமை தருகின்றது. 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியிலே தங்கம், 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் நான்காமிடம் என ரஹீம் என்னும் பயிற்றுநரின் காலத்தில் அந்நாடு உயர்ந்து நின்றது. ஆயினும் அங்கே உள்நாட்டுப் போட்டிகள் நெடுங்காலம் 70 நிமிட ஆட்டங்களாகவே நடந்தன. உலகமோ 90 நிமிடம் ஆடியது. 1960இல் உரோமாபுரியிலே பிரான்சுக்கெதிராக 1-0 என முன்னின்ற இந்தியா, கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் ஒரு கோலை விட்டுச் சமநிலையோடு திரும்பியது. ஓர் ஆட்டத்தை வைத்து விதி வகுத்தல் ஆகாது. ஆயினும் ஆடிப் பழகாத இருபது நிமிடங்கள் எத்தகைய விலை கேட்கும் என்பதை அது நினைவூட்டும்.

போட்டிகளின் எண்ணிக்கை என்பது வெறும் சொல்லன்று, கணக்கிட்டுக் காட்டக்கூடியது. நம் நாட்டிற் பெருவழக்காயுள்ளது தோற்றவர் நீங்கும் முறை. 32 குழுக்கள் அம்முறையிற் போட்டியிடின் மொத்தம் 31 ஆட்டம் நடைபெறும். அவற்றுள் 16 குழுக்கள் ஓராட்டத்தோடு வீடு திரும்பும்; மேலும் 8 குழுக்கள் இரண்டாட்டத்தோடு திரும்பும். ஆகவே நான்கிலொரு பங்கினர் தவிர ஏனையோர் பெறுவது அதிகமாய்ப் போனால் 180 நிமிடம், அதாவது மூன்று மணிநேரம். பந்தயச் சட்டையைத் தைக்கவே அதனினும் கூடிய நேரம் சென்றிருக்கும். இதற்கு மாறாக எட்டுக் குழுக்கள் ஒவ்வொன்றும் ஏனைய ஏழோடும் இவ்விருமுறை ஆடும் லீக் முறையிலே, முதலிடம் பெறும் குழுவும் கடைசியிடம் பெறும் குழுவும் 14 ஆட்டம் ஆடும். அது 21 மணிநேரம். இங்கிலாந்தின் முதற்றர லீக்கிலே ஒரு கழகம் ஆண்டொன்றுக்கு ஆடுவது 38 ஆட்டம். தோற்றவர் நீங்கும் முறை சிறந்த குழுவை விரைவில் தெரிந்தெடுக்கும் என்பது உண்மை. ஆயின் அது ஆட்டக்காரரை வளர்க்காது. பலவீனமான பாடசாலைக்கே ஆட்டம் மிகுதியும் வேண்டும். அம்முறையில் அதற்கே ஆட்டம் மிகக் குறைவு.

கழக அளவிலும் இதே குறை. 2021இலே பத்துக் கழகங்களைக் கொண்ட சூப்பர் லீக் தொடங்கப்பட்டது. களுத்துறையின் புளூ ஸ்டார் கழகம் வென்றது. அத்தொடர் ஆண்டுதோறும் இடையறாது நடைபெற்றிருப்பின் இக்கட்டுரைக்கே வேண்டுதல் குறைந்திருக்கும். அது தொடரவில்லை. நிருவாகத்தின் பூசல்களோ வேறு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குப் பரந்த அதிகாரங்களை அளிக்கின்றது. தேசியச் சங்கங்கள் அரசின் தலையீடின்றி இயங்கவேண்டும் என்பதோ பீபாவின் விதி. இவ்விரண்டும் மோதியதன் விளைவாக 2023 ஜனவரி 21 முதல் ஆகத்து 28 வரை இலங்கை இடைநிறுத்தப்பட்டிருந்தது. அதனால் அவ்வாண்டு பெங்களூரிலே நடைபெற்ற தென்னாசியக் கிண்ணத்தை இழந்தது. அன்றியும், 2018க்கும் 2024க்கும் இடையிலே இலங்கையர், பொசுனியர், ஸ்கொத்லாந்தர், ஆங்கிலேயர், குவைத்தியர் என ஐவர் தலைமைப் பயிற்றுநராயினர். ஆசிரியரை ஆண்டுக்காண்டு மாற்றும் வகுப்பிற் பாடம் எங்ஙனம் முடியும்?

இப்போது மலையகத்துக்கு வருவோம். தேசியக் குழு என்பது ஒரு கூம்பு. அடி அகன்றாலன்றி முடி உயராது. இத்தீவின் குழு தன் அடித்தளத்தின் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே வெட்டி எறிந்துவிட்டது. 1946ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலே இந்தியத் தமிழர் எனக் கணக்கிடப்பட்டோர் நாட்டின் மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேற்பட்டோர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரைப் பிரஜைகள் அல்லாதார் ஆக்கிற்று. பீபாவின் உறுப்புரிமை 1952இல் வந்தபோது, தேயிலை நாட்டின் இளைஞன் ஒருவன் எத்துணைத் திறமை பெற்றிருந்தாலும், அவன் எந்நாட்டுக் குழுவில் ஆடத் தக்கவன்? 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தமும் அதன்பின் வந்த சட்டங்களும் கடந்து, 2003இலேதான் எஞ்சியோர்க்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில். அரைநூற்றாண்டு இவ்வாறு கழிந்தது.

நிலமும் ஒரு தடை. மலைச்சரிவில் ஓர் உதைபந்தாட்ட மைதானம் அமைப்பது எளிதன்று. சமநிலம் எங்கெங்கு இருந்ததோ அங்கெல்லாம் தொழிற்சாலையும் பங்களாவும் எழுந்தன. வெள்ளைத் துரைமார் தமக்கெனத் தரவளையிலும் ரதல்லையிலும் அருமையான மைதானங்கள் வகுத்தனர். அங்கே கிரிக்கெட்டும் றகரும் ஆடப்பட்டன. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பெரட்டுக்களமும் பாதையோரமுமே எஞ்சின. ஆயினும் மலைநாட்டில் ஆட்டம் முளைக்காது என்பாரை நாவலப்பிட்டி மறுக்கின்றது. அந்நகரின் அப்கன்ட்ரி லயன்ஸ் கழகம் 2021இன் சூப்பர் லீக்கில் ஆடிய பத்தினுள் ஒன்று. அங்கே மைதானம் உண்டு, கழகம் உண்டு, ஆட்டம் உண்டு. அதே புகையிரதப் பாதையில் மேலேறி வட்டவளை, ஹட்டன், கொட்டகலை தாண்டித் தலவாக்கலையை அடையுமுன் அம்மூன்றும் அருகிவிடுகின்றன. தலவாக்கலையின் சிறுவன் ஒருவனைத் தேசியத் தெரிவாளர் காணவேண்டுமாயின் அவன் கொழும்புக்குப் போகவேண்டும். போக்குவரத்துச் செலவு தாயின் ஒருநாட் கொழுந்துச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

குளிரும் மழையும் தடை என்பார்க்கு ஐஸ்லாந்தைக் காட்டலாம். ஆண்டின் பாதி பனியும் இருளும் சூழ்ந்த அந்நாடு, கூரையிட்ட ஆடரங்குகளைக் கட்டி, சிறார்க்கும் தேர்ச்சிபெற்ற பயிற்றுநரை அமர்த்தி, 2016இலே ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2-1 என வென்றது. 2018 உலகக் கிண்ணத்தில் ஆர்ஜென்டினாவைச் சமநிலையில் நிறுத்திற்று. அதன் அந்நாளைய மக்கட்டொகை மூன்றரை இலட்சத்துக்கும் உட்பட்டது. நுவரெலியா மாவட்டத்தின் மக்களோ 2012ஆம் ஆண்டின் கணக்குப்படி ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஐஸ்லாந்தின் செல்வம் நம்மிடமில்லை; கூரையிட்ட அரங்கைக் கனவிலுங் காணவேண்டியதில்லை. போட்டி அட்டவணைக்கு அத்துணைச் செல்வம் வேண்டுவதுமில்லை.

வெளிநாட்டில் வளர்ந்தோரைச் சேர்த்தல் தவறு என்று கூறுதல் பொருந்தாது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்களே வாழும் குராசோ, நெதர்லாந்தில் வளர்ந்த தன் மக்களைக் கொண்டே 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஆனால் இரவல் விளக்கு எத்தனை நாளைக்கு? ஜெர்மனியும் சுவீடனும் தம் செலவில் வளர்த்த ஆட்டக்காரர் ஓய்வு பெறும்போது அவரிடத்தை நிரப்பத் தலவாக்கலையிலோ மன்னாரிலோ அம்பாந்தோட்டையிலோ ஒருவன் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

அதற்கு மலையகத்தளவிற் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய ஆறு ஊர்களும் ஒன்றுக்கொன்று ஒரே நாளிற் போய் ஆடித் திரும்பத்தக்க தொலைவில் உள்ளன. நோர்வூட்டிலே தொண்டமான் பெயரால் அமைந்த மைதானமும் உண்டு. ஊருக்கொரு பாடசாலைக் குழுவென வைத்து, ஒவ்வொன்றும் ஏனையவற்றோடு இவ்விருமுறை ஆடின், ஒரு குழுவுக்கு 10 ஆட்டம், மொத்தம் 30. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையே, மலைநாட்டில் மழை குறைந்த பருவத்திலே, பன்னிரண்டு வாரவிறுதிகள் கிடைக்கும். பத்து ஆட்டத்துக்கு, இரண்டு மழைக்கு. பதினைந்து வயதிலே சேரும் ஒருவன் பதினெட்டு வயதுக்குள் 30 ஆட்டம், 45 மணிநேரம் ஆடியிருப்பான். பந்தும் வலையும், நடுவரின் படியும், பேருந்துக் கட்டணமும் தவிர வேறு பெருஞ்செலவில்லை. மாவட்டச் சங்கத்தாரும் வலயக் கல்வி அலுவலகத்தாரும் மார்கழி விடுமுறைக்கு முன்னரே கூடி அட்டவணையை வரைந்துவிடுதல் வேண்டும். தை பிறந்தபின் தொடங்கின் இரண்டு வாரம் போய்விடும்.